எண்பத்தேழாம் டோக்கனின் சாப்பாடு

“இது என் பேப்பர்ல இல்லையே” என்று பாய்லர்காரர் தட்டைத் தள்ளி வைத்தபோது மிளகாய் அக்காவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. தட்டில் இருந்தது ஒன்றும் விஷமில்லை. ஒரு கரண்டி சோறு, அதைவிட இரண்டு மடங்கு கீரை, கெட்டியாகப் பருப்பு, எண்ணெய் காட்டாமல் வேகவைத்த ஒரு துண்டு மீன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இதே அளவில், முள் எடுத்து, உப்பு பார்த்து வைத்த தட்டு.

“பேப்பர்ல இல்லையா? மீனு பேப்பர்ல நீந்துமா? தண்ணியிலதான் நீந்தும். சாப்பிடுங்க.”

“உனக்குச் சொன்னா புரியாது. இது எல்லாருக்கும் ஆக்குற சாப்பாடு. எனக்குன்னு தனியா எழுதியிருக்காங்க இல்ல?”

சமையலறைச் சுவரில் அது ஒட்டியிருந்தது. மகள்தான் ஒட்டினாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், எதையும் நேராக ஒட்டுவாள். மேலே பாய்லர்காரரின் பெயர் பெரிய எழுத்தில். கீழே ‘உங்கள் உடலுக்காகவே தயாரிக்கப்பட்ட உணவுத் திட்டம்’. அதற்கும் கீழே ஆறு கட்டங்கள். ஒரு நாளைக்கு ஆறு வேளை. காலையில் தேன் கலந்த பால், இரண்டு வாழைப்பழம். பத்து மணிக்கு எட்டுப் பேரீச்சம்பழம். மத்தியானம் வயிறு நிறையச் சோறு, உருளைக்கிழங்கு. மூன்று மணிக்குப் பழச்சாறு. இப்படியே படுக்கிற வரைக்கும்.

அந்தத் தாள் வந்த அன்றே அவள் சிரித்தாள். ‘உங்கள் உடலுக்குச் சக்தி போதவில்லை’ என்பது முதல் வரி. பாய்லர்காரர் கதவில் நுழைந்தால் வெளிச்சம் குறையும். அப்பேர்ப்பட்ட உடம்பு.

“யாருக்குப் போதல? உங்களுக்கா?” என்று கேட்டாள்.

“உள்ளுக்குள்ள போதலடி. வெளியிலேருந்து பாத்தா தெரிஞ்சிடுமா? அதுக்குத்தானே ரத்தம் எடுத்துப் பாக்குறாங்க.”

சிரித்ததோடு விட்டிருக்கக் கூடாது. அன்றே அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். பிற்பாடு எத்தனையோ தடவை இதை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஊரின் ஓரத்தில் இருந்த பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் ஓட்டல்களின் விரிப்பும் வண்டி வண்டியாக அழுக்காக வந்து, வெள்ளையாகத் திரும்பிப் போகும். அவள் மடிப்பு மேசையில். இஸ்திரி போடும் சூடு உருளையிலிருந்து விரிப்பு வெளியே வரும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து மடிக்க வேண்டும். ஒரு நகக்கண் அளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கறையோடு அனுப்பிய துவைப்புப் பகுதிக்காரர்களை அவள் பேசுகிற பேச்சுக்குத்தான் மிளகாய் என்று பெயர் வந்தது. வயதுக்கு மரியாதையாக ‘அக்கா’ பின்னால் ஒட்டிக்கொண்டது.

பாய்லர்காரர் பின்கட்டில். ஆலை முழுவதற்கும் நீராவி அங்கிருந்துதான் போகும். நீராவி குறைந்தால் மேனேஜர் ஓடி வருவார், ஓடி வந்து பிரஷர் முள்ளைப் பார்ப்பார், “ஏன் எறங்குது?” என்று முள்ளைப் பற்றிக் கேட்பார், போய்விடுவார். உள்ளே ஒரு மனிதன் நிற்கிறான், வேர்த்துக் கொட்டுகிறது, சாப்பிட்டானா என்று ஒருவரும் கேட்டதில்லை.

நிர்வாகத்துக்கு எங்கிருந்தோ ஞானோதயம் வந்து, தொழிலாளர் நலத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் வந்து கேன்டீனில் மேசை போட்டு, எடை பார்த்து, உயரம் பார்த்து, ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் ஆளுக்கு ஒரு தாள் வந்தது. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், கம்ப்யூட்டரோடு ஒரு டயட் மேடத்தையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொருவரையும் வாரத்துக்கு ஒரு தடவை போனில் கூப்பிட்டு விசாரிப்பாள்.

பாய்லர்காரருக்குச் சனிக்கிழமை பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கே கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வைத்துக்கொள்வார்.

“வணக்கம் சார். இந்த வாரம் எப்படி ஃபீல் பண்றீங்க சார்? பத்துக்கு எவ்வளவு போடலாம்?”

“ஒம்போது போடுங்க மேடம்.”

“சூப்பர் சார். போன வாரம் எட்டு சொன்னீங்க. திட்டம் உங்களுக்குத் திருப்தியா இருக்கா சார்?”

“ரொம்பத் திருப்தி மேடம்.”

சார் என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தச் சாரை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாள் வைத்துக்கொண்டிருப்பார். நடை மாறியது. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். மகள் அவருடைய போனில் ஆறு வேளைக்கும் ஆறு அலாரம் வைத்துக் கொடுத்திருந்தாள். அது அடித்தால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழ டப்பாவைத் திறப்பார்.

மிளகாய் அக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாய்லர்காரரின் அப்பா சர்க்கரை வியாதியில் கண் போய், சுவரைத் தடவித் தடவிச் செத்தவர். மருமகளாக வந்த முதல் மூன்று வருஷம் அவருக்குச் சோறு ஊட்டியவள் இவள்தான். ரத்தத்தில் இருப்பது மகனுக்கும் வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். அவருடைய டீயில் சர்க்கரையை மாதத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்து, அவருக்கே தெரியாமல் கால் ஸ்பூனுக்குக் கொண்டுவந்திருந்தாள். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினாள். தனக்கும் மகளுக்கும் பொரித்த மீன், அவருக்கு மட்டும் வேகவைத்தது. ஒரு அடுப்பில் மூன்று விதமாக ஆக்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள். இதையெல்லாம் அவர் என்னவென்று நினைத்தார்? “இவ கைல எதுவுமே தாராளமா வராது” என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது யாரோ ஒரு பெண், முகம் பார்க்காமல் ஒரு தாள் அனுப்பினால் அது வேதம்.

“நான் சொன்னா ஏறாது, காயிதம் சொன்னா ஏறுதோ?” என்று கேட்டாள்.

“நீ பொதுவாச் சொல்றே. அவங்க என்னைப் பாத்துச் சொல்றாங்க.”

“பாத்தாங்களா? எந்தக் கண்ணால பாத்தாங்க?”

“ரத்தத்தைப் பாத்தா என்னைப் பாத்த மாதிரிதானே?”

இன்னும் பெரிய கொடுமை, அவர் இளைத்தார். இரண்டே மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. தேனும் பாலும் பழமுமாகத் தின்றுகொண்டே ஒரு மனிதன் இளைக்கிறான். ஆலை முழுக்க இதே பேச்சு. அவரைப் பாய்லர் முன்னால் நிற்கவைத்து, கையில் ஒரு ஆப்பிளைக் கொடுத்துப் படம் பிடித்து, கேன்டீன் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். ‘என் உடல், என் உணவு, என் மகிழ்ச்சி.’ அவள் தினமும் அந்தப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“அம்மா, நீ பொறாமைப்படுறே” என்றாள் மகள். “அப்பா நல்லாத்தானே இருக்காரு? பாட்டு வேற பாடுறாரு.”

“நல்லா இருந்தா எனக்கென்னடி பொறாமை? வாளி வாளியாத் தண்ணி குடிக்கிறாரு, பாத்தியா?”

“பாய்லர் சூட்டுல நிக்கிறவரு குடிக்க மாட்டாரா?”

அதுதான் எல்லாருக்கும் பதில். சூட்டில் நிற்கிறவர் தண்ணீர் குடிப்பார், குடித்தால் அடிக்கடி எழுந்து போவார், களைப்பாக இருந்தால் உட்காருவார். ஆனால் மிளகாய் அக்கா வீட்டுக் கழிவறையைக் கழுவுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துடைப்பத்தோடு உள்ளே போனவள் அப்படியே நின்றாள். ஓரத்தில் கறுப்பாக ஒரு வரி நெளிந்துகொண்டிருந்தது. எறும்பு. மாமனார் இருந்த காலத்தில் அவள் தினமும் தண்ணீர் ஊற்றித் துரத்திய அதே எறும்பு வரிசை.

வெளியே வந்து சொன்னாள். அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

“எறும்பு வீட்டுக்கு வராம வேற எங்க வரும்? மழை வரப்போவுது.”

“ஏங்க, ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம். என் மனசுக்காக.”

“போன வாரம் ஒம்போதரை போட்டிருக்கேன். ஒம்போதரை போட்ட மனுஷனை ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிடுறே. சிரிக்க மாட்டாங்க?”

அப்போதுதான் அவள் அவருடைய காலைப் பார்த்தாள். இடது கால் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. பாய்லரின் அடியில் தங்கும் கொதிநீரைத் திறந்துவிடும்போது தெறித்ததாம். எப்போது என்று கேட்டாள். மூன்று வாரமாகிறது என்றார். ஆறவில்லையா என்று கேட்டாள்.

“ஆறாட்டி என்ன? வலியே இல்ல. முன்னாடியெல்லாம் சின்னதாப் பட்டாலே துடிச்சுப் போவேன். இப்ப பாரு, உடம்புல அவ்வளவு தெம்பு.”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மடிப்பு மேசை ஓரமாகக் குச்சி வந்து உட்கார்ந்தான். துவைப்பு இயந்திரத்தில் வேலை செய்கிறவன். ஐம்பது கிலோ தேறுவதே கஷ்டம். ஈர விரிப்பை இழுக்கும்போது விரிப்பு அவனை இழுக்கிறதா அவன் விரிப்பை இழுக்கிறானா என்று சந்தேகம் வரும். பாய்லர்காரரை அண்ணே என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுவான். நல்ல பையன் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தாள்.

“என்னால முடியல அண்ணி. தெனம் எட்டு பேரீச்சம்பழம். பல்லெல்லாம் கூசுது.”

அவள் கை சோற்றில் நின்றது.

“எத்தனை?”

“எட்டு. பத்து மணிக்கு. என் பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“எடு அந்தப் பேப்பரை.”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்ததை எடுத்தான். அவள் விரித்தாள். தேன் கலந்த பால். இரண்டு வாழைப்பழம். உருளைக்கிழங்கு. மூன்று மணிக்குப் பழச்சாறு. வீட்டுச் சுவரில் தினமும் முறைத்துப் பார்த்த தாள் அவளுக்கு மனப்பாடம். பெயரைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை.

“அடப்பாவிங்களா” என்று எழுந்தாள். “எல்லாருக்கும் ஒண்ணையே அடிச்சுக் குடுத்துட்டு, உனக்காக உனக்காகன்னு பேரை மட்டும் மாத்தியிருக்கானுங்க! எடுங்கடி எல்லாரும்!”

மேசையில் இருந்த பதினோரு பெண்களும் பையைத் துழாவினார்கள். சிலர் தாளில் பொட்டலம் மடித்திருந்தார்கள். அவளுடைய தாளே சூடான பாத்திரத்துக்கு அடியில் போய்ப் பழுப்பாகியிருந்தது. எல்லாவற்றையும் மேசையில் விரித்து, ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தாள். ஒருத்திக்கு உப்பைக் குறை, ஒருத்திக்கு முட்டை சாப்பிடு, ஒருத்திக்குப் பால் ஆகாது. எல்லாம் வேறு வேறு. மற்றவர்களுக்கு ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். குச்சியின் தாளும் வீட்டுச் சுவரில் இருந்த தாளும் மட்டும்தான் ஒன்றுபோல் இருந்தன.

அவள் மெதுவாகத் திரும்பிக் குச்சியைப் பார்த்தாள். அவன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். அந்த அவசரமே சொல்லிவிட்டது.

“இங்க வாடா.”

“மெஷின் நிக்கும் அண்ணி…”

“நிக்கட்டும். ரத்தம் எடுத்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. உள்ளே வருகிறவன் தன் எண் போட்ட பித்தளை டோக்கனைச் சிவப்பிலிருந்து எடுத்துப் பச்சைப் பக்கம் மாட்ட வேண்டும். ஒருவன் பத்து நிமிஷம் தாமதமானால் இன்னொருவன் அவனுடையதையும் சேர்த்து மாட்டிவிடுவான். இதை அங்கே யாரும் தப்பாக நினைத்ததில்லை. டோக்கன் பச்சையில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான். மேனேஜர் பிடித்தால் மட்டும் இருவருக்கும் வேலை போகும்.

“அண்ணனுக்கு ஊசின்னா பயம்” என்றான் குச்சி. தலை நிமிரவில்லை. “பிரஷர் எறங்குது, என்னால வர முடியாது, என் டோக்கனையும் நீயே போட்டுடுன்னாரு. என் டோக்கன் நூத்திப் பன்னெண்டைக் காட்டி ஒரு தடவை குடுத்தேன். அந்தப் பக்க மேசைக்குப் போய் அண்ணனோட எண்பத்தேழைக் காட்டி இன்னொரு தடவை குடுத்தேன். வெளியாளுங்க, முகம் தெரியாது. ரெண்டு கையிலயும் ஊசி குத்திக்கிட்டேன் அண்ணி. உதவிதானே செஞ்சேன்.”

“உதவியா? உன் எடைக்கும் உன் ரத்தத்துக்கும் எழுதுனதை அந்த மனுஷன் தின்னுக்கிட்டிருக்காரு! உனக்குத் தெரியாதா?”

“நல்லா இருக்கேன்னு சொன்னாரே அண்ணி. போட்டோ வேற மாட்டியிருக்காங்க. சரி, ஒத்துக்குது போலன்னு விட்டுட்டேன்.”

சாயங்காலம் வீட்டில் நடந்த சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“அது உங்க ரத்தமே இல்ல! குச்சியோட ரத்தம்!”

“யாரு சொன்னது? எண்பத்தேழாம் நம்பர்லதானே எடுத்தாங்க? அப்ப அது என் ரத்தம்தான்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவர் மெய்யாகவே அப்படித்தான் நம்பினார். இருபத்தாறு வருஷமாக அந்த டோக்கன்தான் அவர். அது பச்சையில் தொங்கினால் அவருக்குச் சம்பளம், சிவப்பில் தொங்கினால் அவர் இல்லை. அதைக் காட்டி எடுத்தது வேறு யாருடைய ரத்தமாக இருக்க முடியும்?

“ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? குழாய்ல போனது அவன் ஒடம்புலேருந்து போன ரத்தம்!”

“சரி, அவனுதாவே இருக்கட்டும். எனக்கு ஒத்துக்குச்சா இல்லையா? இளைச்சேனா இல்லையா? சந்தோஷமா இருக்கேனா இல்லையா?” அவர் குரல் சட்டென்று இறங்கியது. “இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒருத்தர் உக்காந்து எழுதுனது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா உனக்கு?”

அந்த வார்த்தை அவளை எரித்தது. உட்கார்ந்து எழுதவில்லைதான். நின்றுகொண்டு ஆக்கினாள். எழுதத் தெரியாமலா போயிற்று? ஆக்குவதற்கே நேரம் போதவில்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்.”

“மேடம் சொன்னா வரேன். நீ சொல்லி வர மாட்டேன்.”

மறுநாள் காலை, கட்டு மாற்றும்போது விரல் நுனி கறுத்திருந்தது. மகளும் பார்த்தாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த கேலி போய்விட்டது. “அம்மா, எதையாவது பண்ணும்மா” என்றாள். அவர் அதன்மேலேயே ஷூவை மாட்டிக்கொண்டு, பாட்டு பாடிக்கொண்டே வேலைக்குப் போனார்.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த அறைக்கதவை மிளகாய் அக்கா தட்டவில்லை. தள்ளினாள். வாசலிலேயே காத்திருந்த குச்சி அவள் சேலை முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான்.

“அண்ணி, சொல்லிடாதீங்க. டோக்கன் மாத்துனது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். எனக்கு ரெண்டு கொழந்தைங்க அண்ணி.”

“தெரியும். என்னை மன்னிச்சுக்க” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

டயட் மேடத்துக்கு மிளகாய் அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். காதில் போன் மாட்டியிருந்தது.

“அக்கா, உங்களுக்கு வியாழக்கிழமைதானே?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். எண்பத்தேழாம் நம்பரை எடு. எடை எவ்வளவு போட்டிருக்கு?”

பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். “ஐம்பத்தொண்ணு.”

“அந்தச் சுவத்துல ஆளுயரத்துக்குப் படம் மாட்டியிருக்கியே, அந்த மனுஷன் ஐம்பத்தொரு கிலோவா? அவர் ஒரு தொடையே ஐம்பது கிலோ இருக்கும்!”

பெண்ணின் முகம் வெளிறியது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். மிளகாய் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்: டோக்கன், இரண்டு மேசை, எறும்பு, விரல்.

“ஆனா அவர் ஒவ்வொரு வாரமும் நல்லா இருக்கேன்னுதானே அக்கா சொன்னாரு? எட்டுக்குக் கீழ போகவே இல்லை. திருப்தியில நம்ம ஆலையிலேயே அவர்தான் முதல்…”

“திருப்தி! திருப்தியை வச்சு விரலை ஒட்டுவியா? ஒரு தடவை எந்திரிச்சுப் போய் மூஞ்சியைப் பாத்தியா?”

“போன்ல எப்படிக்கா…”

“பாய்லர் ரூம் இங்கேருந்து நாப்பதடி. நாப்பதடிம்மா! இந்த ஜன்னலைத் திறந்தா தெரியும். அங்க நிக்கிற ஆளை போன் போட்டு சார்ங்கறே, நல்லா இருக்கீங்களாங்கறே. அவரு சார்ங்கற வார்த்தைக்கே ஒம்போது மார்க் போட்டுட்டாரு. சாப்பாட்டுக்குப் போடலடி, அதுக்குப் போட்டாரு!”

“இருநூத்திப் பத்துப் பேரு அக்கா. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க” என்றபோது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை நான் எழுதியாகணும். எழுதினா அவங்க ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுப்பாங்க. பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

மிளகாய் அக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். கதவுக்கு வெளியே குச்சி நிற்பது தெரியும்.

“எழுது. முதல்ல எந்திரிச்சு வா.”

நாற்பதடியையும் இருவரும் நடந்தார்கள். பாய்லர்காரர் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டதும் எழுந்து, துணியில் கை துடைத்து, “மேடமா! நீங்களா நேர்ல!” என்று பூரித்துப் போனார். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்தார். மிளகாய் அக்காவுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது.

“சார், ஷூவைக் கழட்டுங்க.”

“அது ஒண்ணுமில்ல மேடம். வலியே கிடையாது.”

“கழட்டுங்க சார்.”

கழற்றினார். வாடை அறை முழுவதும் பரவியது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். “சார், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றாள்.

“நீங்க சொன்னா சரி மேடம்” என்றார் பாய்லர்காரர். ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்திப் பார்த்த கருவி எண்ணே காட்டவில்லை. அவ்வளவு சர்க்கரையை அதற்கு எண்ணத் தெரியாது என்றாள் நர்ஸ். இரண்டாம் நாள் கட்டை விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கணுக்கால் வரைக்கும் போயிருக்கும் என்றார் டாக்டர். இனி தினமும் ஊசி. ஒரே ஒரு ஊசிக்குப் பயந்து அடுத்தவன் கையை நீட்டிய மனுஷனுக்குத் தினமும் இரண்டு.

ஆலையில் இரண்டு டோக்கனையும் பலகையிலிருந்து கழற்றிவிட்டார்கள். குச்சியை வேலையை விட்டே அனுப்பினார்கள். இவருக்கு, குணமாகி வரட்டும், யோசிக்கலாம் என்று பதில். சுவரில் இருந்த படத்தை இறக்கி, சுவருக்குத் திருப்பி வைத்திருப்பதாக மடிப்பு மேசைப் பெண்கள் வந்து சொன்னார்கள். குச்சியின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, “நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது வாழ்த்து இல்லை. மிளகாய் அக்கா அதை வாங்கிக்கொண்டாள். யாரிடம் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எல்லார் மேலும் கோபமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் வந்தபோது பாய்லர்காரர் கேட்டார்: “டாக்டர், எனக்குன்னு சாப்பாட்டுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. இந்தத் தடவை என் சொந்த ரத்தம் உங்ககிட்ட இருக்கு இல்ல?”

டாக்டர் சிரித்துவிட்டு, மிளகாய் அக்காவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

“அந்தத் தாள் வர்றதுக்கு முன்னாடி வீட்டுல என்ன குடுத்தீங்கம்மா?”

அவள் சொன்னாள். ஒரு கரண்டி சோறு, இரண்டு மடங்கு கீரை, பருப்பு, வேகவைத்த மீன். டீயில் சர்க்கரையைக் குறைத்த கதையைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடினார்.

“இத்தனை வருஷம் இவருக்கு வராம இருந்ததே இதாலதான்னு நினைக்கிறேன். இதுல நான் மாத்துறதுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. டீல அந்தக் கால் ஸ்பூனையும் விட்டுடுங்க. அவ்வளவுதான்.”

“அப்ப அதையே எழுதுங்க டாக்டர். உங்க கையால. மேல அவரு பேரு, கீழ உங்க முத்திரை.”

டாக்டர் பேனாவைத் திறந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

பாய்லர்காரர் தாளை வாங்கித் தலையணையில் சாய்ந்து படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

“பாத்தியா? டாக்டர்னா டாக்டர்! ராத்திரி ஒரு கரண்டி சோறுதான். கீரை நிறைய. மீனைப் பொரிக்கக் கூடாது, வேகவைக்கணும். அடடா! என் கூடவே இருந்து பாத்த மாதிரில்ல எழுதியிருக்காரு. இதை முன்னாடியே எவனாவது எனக்குச் சொல்லியிருந்தா விரல் போயிருக்குமா?”

அவளால் அடக்க முடியவில்லை.

“கூடவே இருந்து பாத்தது நான்யா! நான்! அதுல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் நான் சொன்னது. இப்பத்தான், அந்தத் தாழ்வாரத்துல நின்னு, நான் சொல்லச் சொல்ல அவரு எழுதுனாரு. இருபத்தாறு வருஷமா அதைத்தானே தட்டுல வச்சு உங்க முன்னாடி நீட்டுறேன்? கண்ணு போன உங்கப்பனுக்குச் சோறு ஊட்டுன அன்னிக்கு ஆரம்பிச்சது! எவனாவது சொல்லியிருந்தாவா? எவ சொன்னா? யாரு சொன்னா?”

வார்டில் எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

பாய்லர்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அப்ப இது நீ சொன்னதா?”

“நான் சொன்னதுதான்.”

“என் ரத்தத்தைப் பாத்து எழுதலையா?”

அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தாளைப் போர்வைமேல் போட்டார்.

“வீட்டுல எப்பவும் போடுறதுதானா?” என்றார் சலிப்பாக. “இதுவா என்னைக் காப்பாத்தப் போவுது?”

பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த வாழைப்பழச் சீப்பு நடுவில் இருந்த மேசையில் கிடந்தது. பேசிக்கொண்டே அவர் கை அதற்குப் போனது. ஒன்றைப் பிய்த்தது. தோலை உரிக்க நகத்தை வைத்தது.

மிளகாய் அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே, மொத்தமாகக் கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தாள். தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையெல்லாம் அப்படியே நின்றது. அதை விழுங்குவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“டாக்டர்தான் எழுதினாரு” என்றாள். “ரெண்டு தடவை ரத்தம் எடுத்தாங்க இல்ல, அதைப் பாத்துத்தான் எழுதினாரு. ஏதோ வயித்தெரிச்சல்ல நான் சொன்னதுன்னு சொல்லிட்டேன்.”

அவர் கை நின்றது.

“நெஜமாவா?”

“எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?”

பாய்லர்காரர் பழத்தைச் சீப்பின்மேல் திரும்ப வைத்தார். “அதானே பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.